ஐந்தரை பஸ்ஸில் போகிறவள்

ரஞ்சன்காவ் கணபதி கோயில் வளைவைக் கம்பெனி பஸ் தாண்டும்போது, உள்ளே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேரின் வலது கை தன்னால் மேலே போகும். நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, உதட்டருகே ஒரு நொடி நின்று இறங்கும். தூங்குகிறவர்கள்கூட அரைக் கண்ணைத் திறந்து தொட்டுக்கொண்டு மறுபடி தூங்கிவிடுவார்கள். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பார்கவியின் கை மட்டும் கீழே போகும். மடியிலிருக்கும் பைக்குள் நுழையும். டிபன் டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் கம்பெனி கொடுத்த பழைய போன் கிடக்கும். அதை வெளியே எடுக்க மாட்டாள். பக்கவாட்டுப் பொத்தானைக் கட்டைவிரலால் தேடி அழுத்திப் பிடித்துக்கொள்வாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு எண்ணும்போது போன் உள்ளங்கைக்குள் ஒரே ஒரு தரம் நடுங்கும், கவிழ்ந்து கிடந்த வண்டு கடைசியாகக் காலை உதறுகிற மாதிரி. பிறகு அசையாது. அதற்கப்புறம்தான் ஜிப்பை இழுத்து மூடித் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடுவாள். பார்க்கிறவர்கள் அவளும் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்திருந்தார்கள். இல்லை என்று அவளும் சொன்னதில்லை.

இந்தப் பழக்கம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, பூனாவை ஒட்டிய நிக்டியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த மராட்டிக்கார டாக்டரம்மாவிடம் தலைசுற்றலுக்காகப் போயிருந்தாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது மேஜைமேல் அவள் வைத்திருந்த கம்பெனி போன் மூன்று தரம் அடித்தது. மூன்று தரமும் பார்கவியின் கண் அங்கே போனது. நூற்றைம்பத்தாறு என்று சொன்ன டாக்டரம்மா, போனை எடுத்துத் தன் மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அளந்தார். நூற்று நாற்பத்து நான்கு.

"நீ என்ன வேலை பார்க்கிறாய்?" என்று மராட்டியில் கேட்டார்.

"அளக்கிற வேலை," என்றாள் பார்கவி.

"அப்படியானால் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை," என்று டாக்டரம்மா மாத்திரை எழுதினார்.

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வண்டிகளின் கியர் பெட்டிக்குள் போகிற தண்டுகளைச் செய்யும் கம்பெனி அது. பார்கவி பதினோரு வருஷமாக அதன் அளவைக் கூடத்தில் இருந்தாள். அப்பா தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து அங்கேயே ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். தமிழில் கடை போர்டு படிப்பாள், அதற்கு மேல் நீளமாக இருந்தால் எழுத்துக் கூட்டுவாள். புருஷன் அருண்ராஜ் கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து பூனாவில் தங்கிவிட்டவன். ஒன்பது வயதில் சஹானா என்று ஒரு பெண்.

கம்பெனியில் எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருந்தது. ஐந்தரைக்கு ஒரு பஸ், எட்டு மணிக்கு ஒரு கார். மேலே வர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஐந்தரை பஸ்ஸில் ஏற மாட்டார்கள். வேலை இருந்தால்தான் என்றில்லை. டீ குடித்துக்கொண்டு, ஏற்கெனவே முடித்த கணக்கை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு, பெரிய மேனேஜர் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வரும்போது கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் போகலாம், தடுப்பாரில்லை. ஆனால் போகிறபோது ஒரு காரணம் வைத்துவிட்டுப் போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால், பையனுக்கு டியூஷன், இன்றைக்குச் சதுர்த்தி. வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி எல்லோரும் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

பார்கவி வைத்ததில்லை. "டைம் ஆச்சு, வரேன்," என்பாள். அவ்வளவுதான். சஹானாவுக்கு ஜுரம் என்ற நாளில்கூட அதையேதான் சொன்னாள். பெண்ணைக் காரணமாக எழுதிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. எட்டு மணி நேரம் வேலை பார்த்தவள் வீட்டுக்குப் போக எதற்குக் காரணம் என்பது அவள் எண்ணம். அது மற்றவர்களை எவ்வளவு உறுத்தியது என்று அவளுக்குத் தெரியாது. காரணம் சொல்கிறவனை மன்னித்துவிடலாம். காரணமே சொல்லாதவளை எந்தக் கணக்கில் வைப்பது?

அதோடு அவள் ஆசைப்படவும் செய்தாள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆசை இருக்கக் கூடாது என்பது அந்த வழக்கத்தின் இரண்டாம் பாதி.

கம்பெனி புதிதாக ஓர் அளவைக் கூடம் கட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு இரண்டு, நடுவில் காற்றுத் தடுப்பு, தரை அதிராமல் இருக்கக் கீழே தனி அஸ்திவாரம், நடுவில் கருங்கல் மேடையோடு ஒரு புது அளவுக் கருவி. அந்த அறையின் வரைபடத்தைப் போட்டவளே பார்கவிதான். எந்தச் சுவரில் வெயில் படும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்திருந்தாள். அந்த அறைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பொறுப்பாளரின் கையெழுத்து இருந்தால் மற்ற கம்பெனிகள்கூடத் தங்கள் கருவிகளை அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளும். தன் பெயர் கீழே அச்சாகி ஒரு சான்றிதழ் போவதை அவள் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

அந்த அறையில் எப்போதும் இருபது டிகிரிதான் இருக்க வேண்டும். சாணை பிடித்த தண்டு மெஷினிலிருந்து வரும்போது சூடாக இருக்கும். சூட்டில் எஃகு கொஞ்சம் விரியும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. ஆனால் கருவிக்குத் தெரியும். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் தண்டைத் தள்ள வேண்டியதுதான் என்னும்போது, சூட்டோடு அளந்தால் சரியாக இருக்கிற தண்டு, ஆறிய பிறகு அளவில் சின்னதாகிவிடும். அதனால் எந்தத் தண்டையும் அந்த அறையில் நாலு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் அளப்பார்கள். அதை ஊறப்போடுவது என்று பார்கவி சொல்வாள். அரிசி ஊறப்போடுகிற மாதிரி. அதில் அவசரம் செல்லாது.

முடிவு ரவிசந்திரன் கையில் இருந்தது. தரக்கட்டுப்பாட்டு மேனேஜர். மாயவரம் பக்கம், ஐம்பத்திரண்டு வயது, கம்பெனியில் அவளை விட்டால் தமிழ் பேசுகிற ஒரே ஆள். அதட்ட வேண்டும் என்றால் இங்கிலீஷ், வேலை வாங்க வேண்டும் என்றால் இந்தி, சலுகை கேட்க வேண்டும் என்றால் தமிழ் என்று மூன்றையும் மூன்று இழுப்பறையில் வைத்திருந்தார்.

பார்கவிக்கு மறுப்புச் சொல்ல வரும். பள்ளிக்கூடத்தில் மராட்டியில் சண்டை போட்டிருக்கிறாள். காய்கறிக்காரனிடம் இந்தியில் முடியாது என்பாள். மீட்டிங்கில் இங்கிலீஷில் நோ என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைத் திருப்பிப் போடுவாள். தமிழ் மட்டும் வீட்டு மொழி. அப்பாவிடம், பெரியப்பாவிடம், மாமியாரிடம் பேசின மொழி. அதில் அவள் சொல்லிப் பழகினதெல்லாம் சரிப்பா, சரிங்க, சரிங்கத்தை. ரவிசந்திரன் "என்னம்மா பார்கவி" என்று ஆரம்பித்தாலே அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொள்ளும். அவள் சேலை கட்டுகிறவள்கூட இல்லை.

பொங்கலுக்கு அவர் நிக்டிக்கு வீட்டுக்கே வந்தார். அருண்ராஜுக்கும் அவருக்கும் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. "மாப்ள, பூனாவுல இந்த மாதிரி சட்னி கிடைக்கணும்னா கல்யாணம் பண்ணித்தான் ஆகணும்" என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். போகும்போது அருண்ராஜின் நம்பரை வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் பார்கவி அவர் அறைக்குப் போனாள்.

"சார், ஒண்ணு நேரா கேக்கணும்."

"கேளும்மா. நம்மாளுகிட்ட நேரா கேக்காம?"

"புது ரூம் இன்சார்ஜ் எனக்கு வேணும் சார்."

"அது எனக்குத் தெரியாதா?"

"ஐந்தரை பஸ்ஸும் வேணும். பஸ் ஏறினப்புறம் போன் எடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிடறேன், அப்புறம் பேச்சு வரக் கூடாது."

ரவிசந்திரன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "இந்திக்காரன் சொல்ற மாதிரி ரெண்டு கையிலயும் லட்டு கேக்கறே."

"லட்டு எல்லாம் இல்ல சார். எட்டு மணி நேரம் ட்யூட்டி. அந்த எட்டு மணி நேரத்துல யாராவது வந்து என் ரீடிங்ல தப்புன்னு சொல்லட்டும்."

"சொல்ல மாட்டாங்கம்மா. உன் வேலைல கை வைக்க முடியுமா? ஆனா இங்க வேலைய எவன் பாக்கறான்? நாற்காலில ஆள் இருக்கான்னு பாக்கறான்." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "சரி. நீ பஸ்ஸுல போ. மேல நான் பேசிக்கறேன். பாத்துக்கலாம்."

அன்றைக்கு அவள் பஸ்ஸில் தூங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அருண்ராஜிடம் சொன்னாள்.

"எழுதி வாங்கினியா?" என்றான் அவன்.

"நம்மாளுங்க. அவர்கிட்ட போயி எழுதிக் குடுன்னு கேப்பாங்களா?"

"அதுஞ்செரிதான்," என்றான். அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பிறகு வந்த இரண்டு மாதம் அவள் வேலை பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மதியச் சாப்பாடு பத்து நிமிஷம். டீ மேஜையிலேயே. மற்றவர்கள் எட்டு மணி வரை இழுத்ததை அவள் ஐந்தே காலுக்கு முடித்து, அளவுக் கட்டைகளைத் துடைத்து எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்தாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிடலாம் என்று நம்பினாள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, கெட்டிக்காரத்தனம் போதும் என்று நினைத்தாள்.

ஏப்ரல் மூன்றாம் வெள்ளிக்கிழமை. சாணை மெஷின் இரண்டு நாளாக நின்று போயிருந்தது. சாக்கணில் இருக்கிற வாடிக்கையாளர் கம்பெனிக்கு நூற்றெண்பது தண்டு போக வேண்டும். போகாவிட்டால் சனிக்கிழமை காலை அங்கே வேலை நிற்கும். மெஷின் மதியம் இரண்டரைக்குத்தான் ஓடத் தொடங்கியது. வெளியே நாற்பது டிகிரி வெயில், ஷெட்டுக்குள் அதற்கு மேல். முதல் டிரே அளவைக் கூடத்துக்கு வரும்போது தண்டைத் தொட்டால் சுடச்சுடச் சப்பாத்தி சுற்றின துணி மாதிரி இருந்தது. கடைசி டிரே வர ஆறு மணி ஆகும் என்றார்கள்.

ஐந்தே காலுக்குப் பார்கவி மாலை ஷிஃப்ட் இன்ஸ்பெக்டர் தானாஜியைக் கூப்பிட்டாள். ஷிரூரிலிருந்து பைக்கில் வருகிறவன், ஒழுங்கான ஆள். அவனிடம் இந்தியில் சொன்னாள். "பத்து மணிக்கு முன்னால் கருவியைத் தொடாதே. யார் வந்து சொன்னாலும் சரி." சுவர்ப் பலகையிலும் பெரிதாக எழுதினாள்: இரவு பத்துக்கு முன் அளக்கக் கூடாது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

"ஹோ மேடம்," என்று தலையாட்டினான் தானாஜி.

பஸ் ஏறினாள். கோயில் வளைவில் கை பைக்குள் போனது. சிக்ராபூர் நாற்சந்தியில் வழக்கம்போல லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. நிக்டியில் இறங்கும்போது ஏழு இருபது.

ஏழு நாற்பதுக்கு அருண்ராஜின் போன் அடித்தது. அவன் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை. போனை எடுத்தவன் முகம் மலர்ந்தது. "சொல்லுங்க சார்... இங்கதான் இருக்கா... இருங்க, இருங்க." சமையலறைக்கு வந்து போனை நீட்டினான்.

"உங்க சார்."

பார்கவி மாவுக் கையோடு தலையசைத்தாள். வேண்டாம் என்று வாயை மட்டும் அசைத்தாள்.

"பாவம் பார்கவி, மனுஷன் மூச்சு வாங்கறாரு. ஒரு வார்த்தை பேசிட்டு வெச்சிரு. அதுக்கெதுக்கு இத்தன?" என்று போனை அவள் காதில் வைத்துவிட்டான்.

"என்னம்மா பார்கவி, சாப்பிட்டியா?"

"இல்ல சார். சொல்லுங்க."

"உன்ன தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் பாத்தேன். முடியல. சாக்கண்காரன் உயிர எடுக்கறான். ரீடிங் எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் அழகா உள்ள இருக்கு. குரூப்ல போட்டிருக்கேன். நீ ஒரு கட்டைவிரல் போட்டுட்டேன்னா வண்டி கிளம்பிடும்."

வாட்ஸாப்பில் ஒரு குரூப் இருந்தது. அளவுத் தாளைப் படம் பிடித்துப் போடுவார்கள். அனுமதி உள்ளவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தைப் போட்டால் சரக்கு போகலாம். காகிதத்தில் கையெழுத்து மறுநாள் வரும். அனுமதி உள்ளவர்கள் இரண்டே பேர், ரவிசந்திரனும் அவளும்.

"நீங்களே போடலாமே சார்."

"நான் போட்டா மேனேஜரே அவசரப்படுத்தித் தள்ளினான்னு ஆடிட்ல எழுதுவாங்கம்மா. லேப்லருந்து வந்தாத்தான் முறை."

"ஊறிச்சா சார்? நாலு மணி நேரம் ஆகலையே."

"ஏசி முன்னாடி வெச்சு எடுத்தோம்மா. தானாஜி கைய வெச்சே பாத்தான், ஜில்லுன்னு இருக்கு."

கையை வைத்துப் பார்த்தால் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷமாகப் புதுசாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. கடைசி டிரே ஆறு மணி என்றால் ஒன்றேமுக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தியில் கேட்டிருந்தால் இரண்டே வார்த்தையில் முடித்திருப்பாள்.

"சார், பத்து மணிக்கு எடுத்துட்டு..."

"வண்டி கேட்ல நிக்குதும்மா. டிரைவர் இஞ்ஜின ஆஃப் பண்ணாம உக்காந்திருக்கான். உன் ஒருத்தி பதிலுக்காகத்தான்." குரல் இறங்கியது. "திங்கக்கிழம பத்தரைக்கு உன் பேர மேல கொண்டு போறேன். பஸ்ஸுல போறவளுக்கு எதுக்கு அந்த ரூம்னு கேப்பான். என்ன சொல்லட்டும்? அவ பஸ்ஸுல போனாலும் ஒரு அவசரம்னா நிப்பான்னு சொல்ல எனக்கு ஒண்ணு வேணும் இல்லையா? உனக்காகத்தாம்மா."

அருண்ராஜ் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். சஹானா மராட்டிப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பார்கவி கையைக் கழுவினாள். பையிலிருந்து கம்பெனி போனை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். அது உயிர் பிடித்து எழ ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை ரவிசந்திரன் வைக்காமல் காத்திருந்தார். "வந்துதா? வந்துதாம்மா?" என்று இரண்டு தரம் கேட்டார். திரையில் படம் வந்தது. அளவுகள் எல்லாம் எல்லைக்குள்தான் இருந்தன. ஒன்று விடாமல் எல்லாம் மேல் எல்லைக்கு ஒட்டின மாதிரியே இருந்தன. சூடான தண்டு அப்படித்தான் காட்டும்.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கட்டைவிரலைப் போட்டாள். ஏழு நாற்பத்தாறு.

"தங்கம்," என்றார் ரவிசந்திரன்.

திங்கட்கிழமை பத்தரைக்கு அவள் பெயர் மேலே போகவில்லை. பத்து மணிக்கே சாக்கணிலிருந்து மெயில் வந்துவிட்டது. ஆறின தண்டுகளை அங்கே அளந்திருந்தார்கள். நூற்றெண்பதில் நூற்று அறுபத்தேழு, அளவுக்குக் கீழே. சனிக்கிழமை மதியத்திலிருந்து அவர்களுடைய வேலை நின்றிருந்தது. மூன்று மணிக்கு மீட்டிங். திரையில் அந்த வாட்ஸாப் படம் ஓடியது. அவளுடைய கட்டைவிரலையும் பக்கத்தில் இருந்த 7.46ஐயும் யாரோ சிவப்பு வட்டம் போட்டு வைத்திருந்தார்கள்.

ரவிசந்திரன் இங்கிலீஷில் பேசினார். அவளை மேடம் என்றார். "லேப் அனுமதி கொடுத்த பிறகுதான் சரக்கை அனுப்பினோம். அனுமதி கொடுத்தபோது மேடம் இடத்தில் இல்லை," என்றார்.

"நாலு மணி நேரம் ஆகவில்லை என்று நான் சொன்னேன்," என்றாள் பார்கவி.

"அப்புறம் ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று பெரிய மேனேஜர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி கேட்டார்.

ஆசைப்பட்டேன் என்று எந்த மொழியில் சொல்வது?

எதனால் நடந்தது என்று வாடிக்கையாளருக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் அடிப்படைக் காரணம் என்ற கட்டத்தில் இப்படி எழுதினார்கள்: பொறுப்பானவர் ஷிஃப்ட் முடிந்ததும் இடத்தை விட்டுப் போய்விடுகிறார், தொலைபேசியில் கிடைப்பதில்லை. இனி நடக்காமல் இருக்க என்ற கட்டத்தில்: தரக்கட்டுப்பாட்டு ஊழியர் அனைவரும் எந்நேரமும் கம்பெனி போனை இயக்கத்தில் வைத்திருக்க வேண்டும். சாணை மெஷின் இரண்டு நாள் நின்றதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவள் போன் எடுத்ததால் நடந்தது, அவள் போன் எடுக்காததால் நடந்ததாகக் காகிதத்தில் ஆனது.

அன்று மாலை நடைவழியில் ரவிசந்திரன் அவளைப் பிடித்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"மனசுல வெச்சுக்காதேம்மா. எனக்கு இன்னும் ஆறு வருஷம் ஓடணும். உனக்கு வயசிருக்கு."

"டீக் ஹை சர்," என்று அந்தச் சரியை இந்தியில் சொன்னாள் பார்கவி.

அன்றிலிருந்து அவரிடம் அவள் இந்தியில்தான் பேசினாள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அருண்ராஜ் இரண்டு நாள் கழித்து, "நான் போன குடுக்காம இருந்திருக்கணும்," என்றான்.

"நான் கை கழுவாம இருந்திருக்கணும்," என்றாள் அவள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. வேறு வேலை தேடலாமே என்று அவன் பிறகொரு நாள் சொன்னான். தேடினாள். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் முதல் கேள்வி, ஷிஃப்ட் முடிந்த பிறகும் இருப்பீர்களா என்பதுதான். "இருப்பேன்," என்று அவள் சொன்ன விதத்தைப் பார்த்தே அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதில் வரவில்லை.

புது அறைக்கு ஔரங்காபாத்திலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்தார்கள். நல்லவன்தான். முதல் நாளே இரவு ஒன்பது வரை இருந்தான். கதவு ஏன் இந்தப் பக்கம் திறக்கிறது என்று அவளிடம் ஆள் அனுப்பிக் கேட்டான். அவள் மேற்கு வெயிலைப் பற்றி ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பினாள்.

அவளைப் பின்பக்க ஷெட்டுக்கு மாற்றியிருந்தார்கள். வெளியிலிருந்து வரும் வார்ப்புகளை இறக்கி, எண்ணிக்கை சரியா, உடைசல் இருக்கிறதா என்று பார்க்கிற இடம். அங்கே ஸ்கேல் போதும். தகரக் கூரை. வெயில் காலத்தில் நாற்பத்து மூன்று, மழைக் காலத்தில் எவ்வளவோ. யாரும் அளந்து வைப்பதில்லை. பக்கத்தில் ஒரு தடுப்பு, பழைய காகிதம் போட்டு வைக்கிற இடம்.

அவள் இப்போதும் ஐந்தரை பஸ்ஸில்தான் போகிறாள். கோயில் வளைவு வரும்போது கை பையை நோக்கிப் போவதில்லை. புது விதி வந்ததிலிருந்து பஸ் முழுக்கப் போன்கள் விழித்திருந்தன. சதுர்த்திக்காகப் போகிறவர், முழங்காலுக்காகப் போகிறவர், எல்லார் மடியிலும் ஒன்று கிணுகிணுத்தது. முன்வரிசையில் இருக்கும் கணக்குப் பிரிவு அம்மா ஒருநாள் திரும்பி, "உன் புண்ணியத்துல எங்களுக்கும் மணி கட்டிட்டாங்க," என்று இந்தியில் சொன்னாள். பாதி கேலி, பாதி கேலி இல்லை. பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். பார்கவியும் சிரித்தாள். நாலைந்து கிலோமீட்டர் கழித்துத்தான் அவளால் சிரிப்பை நிறுத்த முடிந்தது, அதற்குள் வேறு யாரும் சிரித்துக்கொண்டிருக்கவில்லை.

டாக்டரம்மா மாத்திரையை இரண்டாக்கினார். போனை இந்த முறை இழுப்பறைக்குள் போடவில்லை.

ஜூலையில் மூன்று நாள் விடாமல் அடித்த மழையில் ஷெட் கூரை ஒழுகியது. காகிதத் தடுப்பில் தண்ணீர் நிற்கிறது, மேலே தூக்கி வையுங்கள் என்று சொன்னார்கள். பார்கவியும் இரண்டு தொழிலாளிகளும் கட்டுக் கட்டாக எடுத்து அலமாரிமேல் அடுக்கினார்கள். செக்யூரிட்டியின் கேட் பதிவேடுகளும் அதில் இருந்தன. காக்கித் துணி அட்டை போட்ட நீளமான நோட்டுகள். வண்டி எண், என்ன சரக்கு, எங்கே, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். ஒன்று நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தது. காயட்டும் என்று பிரித்து வைத்தாள். ஏப்ரல். தேடிப் பார்க்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஆனால் அளக்கிறவளின் கண், எண் வரிசையைக் கண்டால் கீழே இறங்கிக்கொண்டுதான் போகும்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை, கடைசிக்கு முந்தின வரி. தண்டு, நூற்றெண்பது, சாக்கண். காவலாளியின் கையெழுத்து. வெளியே போன நேரம் மாலை 6.25. அவளுடைய பதிலுக்காக இஞ்ஜினை அணைக்காமல் கேட்டில் நிற்பதாக ரவிசந்திரன் சொன்ன வண்டி, அவர் போன் பண்ணுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே போய்விட்டிருந்தது.